நொடிக்கு ஐம்பது

மஞ்சள் கேட்ரிட்ஜின் பல்வரிசையை
ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன்.
பஞ்சு கறுத்தது.
முப்பது வருடத்துச் சமையலறைப் புகையோ,
வேலை செய்யட்டும் என்று
நாங்கள் ஊதி ஊதித் தெறித்த எச்சிலோ.

ரெமிகியுஷ் இரவல் தந்த கருவி
ட்ராம் பணிமனையில் என் லாக்கருக்குள்
ஒரு வாரம் கிடந்தது.
இன்று சனிக்கிழமை. வூச் நகரத்தின் மேல்
நவம்பர் பிழியாத துணியாய்த் தொங்குகிறது.
கருவி கேட்ரிட்ஜை விழுங்கி
ஒரு கோப்பைத் துப்பியது.
முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

எமுலேட்டர் திறந்தது. கறுப்பு.
மறுபடி திறந்தேன். வானமெல்லாம் எழுத்துகள்,
தரையெல்லாம் பாதிப் பாதி முகங்கள்.
சந்தையில் அட்டைப்பெட்டி மேல் பரப்பி விற்ற
போலிச் சரக்கு அது;
அதன் வயிற்றுக்குள் எந்தச் சில்லு
எந்தத் தடத்தைத் திருப்புகிறது என்று
ஒரு பட்டியலிலும் இல்லை.
மேப்பர் எண்ணை நானே ஊகிக்க வேண்டும்.
பகலெல்லாம் ட்ராம்களுக்குத் தடம் மாற்றுகிறவனுக்கு
இது என்ன பிரமாதம்?
பூஜ்யம், ஒன்று, இரண்டு.
நான்கில் தலை வந்தது, உடல் வரவில்லை.
இருபத்து மூன்றில் உடல் வந்தது,
கூடவே ஐந்தாறு கால்கள்.
தேநீர் ஆறி ஆடை கட்டியது.
அறுபத்தாறில்
நீலக் குல்லாய்க்காரன் முழுசாய் நின்றான்,
இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்பதுபோல.

இடது அழுத்தினால் குதித்தான்.
அதைச் சரிக்கட்ட அரை மணி.
ஒலி கரகரத்தது. பஃபரைக் கூட்டினேன்:
கரகரப்பு போயிற்று, ஆனால்
நத்தையை மிதித்த சத்தம்
நத்தை செத்து வெகுநேரம் கழித்து வந்தது.
குறைத்தேன். கூட்டினேன்.
எண்பதில் சமாதானம்.

இருந்தும் ஏதோ இடித்தது.
கடைசி ட்ராம் கிளம்பிவிட்டதுபோல் ஓடுகிறான்;
பாட்டு பின்னாலேயே துரத்துகிறது.
போகுமிலாவை அழைத்தேன்.
க்தான்ஸ்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
போனைத் திரையருகே பிடித்தேன்.
“இவன் அவன் இல்லை” என்றாள்,
அந்தப் பாட்டைத் தானே முனகிக் காட்டினாள்,
நடு நடுவே கிளிப் மாட்டும் சத்தத்தோடு.

அறுபது என்றிருந்த இடத்தில்
ஐம்பது என்று போட்டேன்.
அவனைச் செய்த ஊரின் பிள்ளைகளுக்கு
அவன் ஓடியிருப்பான்.
எங்கள் போலிப் பெட்டிக்குள் நடந்தான்;
ஆறில் ஒரு பங்கு தாமதம்.
தாமதம் என்று யாருக்குத் தெரியும்?
“இப்போது அவன்தான்” என்றாள்.
போனை வைக்கவில்லை.

மூன்றாம் கட்டம். உடைந்த பாலம்.
தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிறு
மிச்சம் ஒரே உயிர்; தாவுகிற நொடியில்
அவள் முழங்கை பட்டது.
மண்ணைக் கவ்வினேன்.
நட்டஈடு என்று அவளுடைய
ரோலர் ஸ்கேட்டுகளை எடுத்துக்கொண்டேன்.
நீ தட்டாவிட்டால் அக்கரை போயிருப்பேன் என்று
ஈஸ்டர் வரை சொன்னேன்.
அவள் கல்யாணத்திலும் ஒருமுறை.

இப்போது பாலத்துக்கு ஓரடி முன்னால்
நிலையைச் சேமித்தேன்.
விழுந்தேன், மீட்டேன்.
விழுந்தேன், மீட்டேன்.
நாற்பத்தொன்றாம் தடவை
குல்லாய் நுனி முதலில் அக்கரை சேர்ந்தது,
பிறகு கால்.

திரை ஒருமுறை இமைத்தது.
முதல் கட்டம். அதே மேகம். அதே முதல் நத்தை.

கோப்பைப் பிளந்து எண்களாய்ப் பார்த்தேன்.
மூன்று கட்டங்களோடு சரி.
அதற்குமேல் எழுதாத இடம்,
பனி மூடிய வயல்போல்
வரிக்கு வரி ஒன்றேபோல்.
சின்னச் சில்லுக்குள் அடைக்க
எவனோ மீதியை வெட்டி எறிந்திருக்கிறான்.

அவளிடம் சொன்னேன்.
கிளிப் சத்தம் நின்றது.
“அப்படியானால், வித்தோல்ட்,
என் ஸ்கேட்டுகள்.”

அளவு முப்பத்துநான்கு.
நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்
ஒன்று அகப்பட்டது.
மற்றதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்;
மேலே கணினியை அணைக்கவில்லை.
படிக்கட்டு வழியாக
அந்தப் பாட்டு இறங்கி வருகிறது, அவசரமில்லாமல்.